முன்தோல் நீக்கமும் எச்.ஐ.வி.யும்: அந்த 60 சதவீதத்தை எப்படிப் படிப்பது?

முன்தோல் நீக்கம் செய்துகொண்டவர்களுக்கு எச்.ஐ.வி. வராது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது வெறும் மதச் சடங்கு, நோய்க்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பும் நினைப்பது சரியில்லை. அதிலும் முதல் நம்பிக்கை உயிருக்கே ஆபத்தானது.

ஆராய்ச்சிகள் காட்டியிருப்பது இவ்வளவுதான்: பெண்ணோடு கொள்ளும் உறவின் வழியாக ஆணுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பை முன்தோல் நீக்கம் ஏறக்குறைய 60 சதவீதம் குறைக்கிறது. இந்த வாக்கியத்தில் ஒரு சொல்லையும் விட்டுவிட முடியாது. ‘பெண்ணோடு கொள்ளும் உறவின் வழியாக ஆணுக்கு’ என்பதை விட்டால் அது பொய்யாகிவிடும். ‘குறைக்கிறது’ என்பதைத் ‘தடுத்துவிடுகிறது’ என்று படித்தால் யாருக்கோ நோய் வரும். அதனால் நிதானமாகவே பார்ப்போம்.

முதலில் அடிப்படை. ஆண்குறியின் மொட்டை மூடியிருக்கும் தோல்தான் முன்தோல். அதை அகற்றுவதை முஸ்லிம் குடும்பங்களில் சுன்னத்து என்பார்கள். தமிழ் பைபிளில் விருத்தசேதனம் என்று வரும். யூதர்களுக்கும் அது மார்க்கக் கடமை. ஆப்பிரிக்காவின் பல இனக்குழுக்களில், பையன் ஆணாகிவிட்டான் என்று ஊருக்குச் சொல்லும் சடங்கு. முன்தோல் இறுகிப் பின்னால் தள்ள முடியாமல் போகும்போது டாக்டர்களும் செய்வார்கள். எச்.ஐ.வி. தடுப்புக்காகச் செய்வது இவை எல்லாவற்றுக்கும் பிந்தியது. 2007-இல்தான் அது உலக அமைப்புகளின் மருத்துவப் பரிந்துரை ஆனது, அதுவும் சில நாடுகளுக்கு மட்டும்.

சந்தேகம் எங்கே தொடங்கியது

1980-களின் பிற்பகுதியில் நைரோபியில் ஒரு பால்வினை நோய் கிளினிக்குக்கு வந்த ஆண்களை மருத்துவர்கள் தொடர்ந்து கண்காணித்தார்கள். பாலியல் தொழிலாளர்களிடம் போய்வந்து புண்ணோ வெட்டை நோயோ வாங்கிக்கொண்டவர்கள் அவர்கள். அவர்களில் யாருக்குப் புதிதாக எச்.ஐ.வி. வருகிறது என்று பார்த்தபோது, முன்தோல் உள்ளவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய எட்டு மடங்கு அதிகம் என்று தெரிந்தது. 1989-இல் அது வெளியானது.

ஆப்பிரிக்க வரைபடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. முன்தோல் நீக்கம் பரவலாக இருந்த மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் எச்.ஐ.வி. குறைவு. அந்த வழக்கம் இல்லாத, அல்லது வழக்கொழிந்துபோன, கண்டத்தின் தெற்குப் பகுதிகளில் மிக அதிகம். கென்யா என்ற ஒரே நாட்டுக்குள்ளேயே இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். விக்டோரியா ஏரிக்கரையில் வாழும் லூவோ மக்களிடம் முன்தோல் நீக்கும் வழக்கம் கிடையாது. கீழ்வரிசை முன்பற்கள் ஆறைப் பிடுங்குவதுதான் அவர்களின் பழைய பருவச் சடங்கு. பக்கத்திலேயே வாழும் கிசீ, லூயா மக்களிடம் அந்த வழக்கம் உண்டு. 2007-இல் கென்ய அரசு எடுத்த நாடளாவிய கணக்கெடுப்பில், முன்தோல் நீக்காத ஆண்களில் 13.2 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. நீக்கியவர்களில் 3.9 சதவீதம்.

இவ்வளவு பெரிய வித்தியாசத்தைப் பார்த்ததும் ‘நிரூபணமாகிவிட்டது’ என்று சொல்லத் தோன்றும். ஆகவில்லை. முன்தோல் நீக்கியவர்களில் பலர் முஸ்லிம்கள். குடிப்பழக்கம் குறைவாக இருக்கலாம், குடியோடு சேர்ந்து வரும் பாலுறவும் குறைவாக இருக்கலாம். ஏரிக்கரை ஊர்களுக்கு மீன் வியாபாரத்துக்கு வெளியாட்கள் வந்துபோகிறார்கள். அதனாலேயே அங்கே தொற்று கூடியிருக்கலாம். தோல்தான் காரணமா, அந்தத் தோலோடு கூடவே வரும் வாழ்க்கைமுறை காரணமா? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு 2003-இல் இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் ‘போதிய ஆதாரம் இல்லை’ என்று எழுதியது. அந்த எச்சரிக்கை எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. ஒரு பழக்கத்தையும் ஒரு நோயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு முடிவுக்கு வந்துவிடுவதால்தான் பாதி மருத்துவ வதந்திகள் பிறக்கின்றன.

இந்தக் கேள்விக்கு நம் நாட்டிலிருந்தும் ஒரு முக்கியமான துப்பு கிடைத்தது. புணேயில் பால்வினை நோய் கிளினிக்குகளுக்கு வந்த, எச்.ஐ.வி. இல்லாத 2,298 ஆண்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2004-இல் வெளியானது. முன்தோல் நீக்கியவர்களுக்கு எச்.ஐ.வி. வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனால் சிபிலிஸ், கொனோரியா என்ற வேறு பால்வினை நோய்கள் இரண்டும் இரு தரப்பிலும் ஒன்றுபோலவே வந்தன. ஒழுக்கமோ எச்சரிக்கையோ காரணமாக இருந்தால் அந்த நோய்களும் குறைந்திருக்க வேண்டுமே? எச்.ஐ.வி. மட்டும் குறைகிறது என்றால், தோலுக்கே ஏதோ வேலை இருக்கிறது.

மூன்று ஊர்கள், பதினோராயிரம் ஆண்கள்

இப்படிப்பட்ட குழப்பத்தைத் தீர்க்க ஒரே வழி, குலுக்கல் முறை ஆய்வு. விருப்பப்பட்டு வந்த ஆண்களைக் குலுக்கல் போட்டு இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பாதிக்கு இப்போதே அறுவை சிகிச்சை. மறு பாதிக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து. மதம், குடி, வயது, தொழில், குணம் எல்லாம் குலுக்கலில் இரு பக்கமும் கலந்துவிடும். கடைசியில் வித்தியாசம் தெரிந்தால் அது தோலால் வந்ததுதான் என்று சொல்ல முடியும்.

தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் பக்கத்திலுள்ள ஆரஞ்ச் ஃபார்மில் 3,274 பேர், கென்யாவின் கிசுமுவில் 2,784 பேர், உகாண்டாவின் ராக்காயில் 4,996 பேர் சேர்ந்தார்கள். இங்கே பலருக்கும் ஒரு கேள்வி உறுத்தும்: இரண்டாவது பாதிக்கு நோய் வரட்டும் என்று விட்டுவிட்டார்களா? இல்லை. இரு தரப்புக்கும் ஆணுறை இலவசம், ஆலோசனை, பால்வினை நோய்க்குச் சிகிச்சை, திரும்பத் திரும்ப எச்.ஐ.வி. பரிசோதனை எல்லாம் உண்டு. அறுவை சிகிச்சை பலன் தருமா என்பது அப்போது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. காயத்தால் ஆபத்து கூடக்கூடும் என்ற பயமும் இருந்தது. ஆய்வு நடக்கும்போதே கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு தனிக் குழு இருந்தது. எந்தப் பக்கம் தெளிவாகச் சாய்ந்தாலும் நிறுத்தச் சொல்வதுதான் அந்தக் குழுவின் வேலை.

நிறுத்தத்தான் சொன்னார்கள், மூன்று இடத்திலும். ஆரஞ்ச் ஃபார்ம் முடிவு 2005-இல் வந்தது. கிசுமு, ராக்காய் ஆய்வுகள் 2006 டிசம்பரில் பாதியிலேயே நிறுத்தப்பட்டன. காத்திருந்தவர்கள் எல்லாருக்கும் உடனே அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் வாய்ப்பு தரப்பட்டது.

எண்களைப் பாருங்கள். ஆரஞ்ச் ஃபார்மில் அறுவை செய்துகொண்ட பக்கம் புதிதாக 20 பேருக்குத் தொற்று, காத்திருந்த பக்கம் 49 பேருக்கு. கிசுமுவில் 22, 47. ராக்காயில் 22, 45. மூன்றையும் கூட்டினால் 64-க்கு 141. வேறு வேறு நாடு, வேறு வேறு மொழி, ஒன்றில் நகரத்தை ஒட்டிய குடியிருப்பு, இன்னொன்றில் கிராமம். இருந்தும் விடை கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தது. மருத்துவத்தில் இப்படி அமைவது அபூர்வம்.

இதில் 60 எங்கே வந்தது? ஆரஞ்ச் ஃபார்மில் நேரடியாகவே 60. மற்ற இரண்டில் நேரடிக் கணக்கு 50-க்குச் சற்று மேல். குலுக்கலில் பெயர் வந்தும் அறுவைக்கு வராதவர்கள், காத்திருக்கச் சொல்லியும் வெளியே போய்ச் செய்துகொண்டவர்கள் இவர்களைச் சரிசெய்து பார்த்தால் 55, 60 என்று ஏறுகிறது. ‘ஏறக்குறைய பாதிக்கு மேல்’ என்று நினைவில் வைத்துக்கொண்டாலே போதும்.

60 சதவீதம் என்றால் என்ன

நூறு பேரில் அறுபது பேர் தப்பிப்பார்கள், நாற்பது பேர் மாட்டிக்கொள்வார்கள் என்று இதைப் புரிந்துகொள்கிறவர்கள் அதிகம். அப்படி இல்லை. கிசுமு கணக்கையே எடுத்துக்கொள்வோம். இரண்டு வருடத்தில், முன்தோல் உள்ள நூறு பேரில் 4.2 பேருக்குத் தொற்று வந்தது. நீக்கிய நூறு பேரில் 2.1 பேருக்கு. அதாவது முன்தோல் இருந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு அந்த இரண்டு வருடத்தில் தொற்று வரவில்லை. நீக்கியவர்களிலும் சிலருக்கு வந்தது. குறைந்தது என்னவென்றால், வரும் வேகம்.

‘அப்படியானால் நூறு பேருக்கு அறுவை செய்து இரண்டு பேரைத்தானே காப்பாற்றுகிறீர்கள், இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்’ என்று கேட்ட விமர்சகர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கணக்கு இரண்டு வருடத்துக்கு உரியது. போன தோல் திரும்ப வளர்வதில்லை. கிசுமுவில் ஆறு வருடம் தொடர்ந்து பார்த்தபோதும் பாதுகாப்பு 58 சதவீதமாக நின்றது. ராக்காயில் ஐந்து வருடத்தை நெருங்கியபோது 73 சதவீதம். ஒருவர் இருபது, முப்பது வருடம் அந்த ஊரிலேயே வாழ்ந்து, உறவு கொண்டு, குடும்பம் நடத்தப்போகிறார் என்றால் அந்த இரண்டு பேர் வருடா வருடம் கூடிக்கொண்டே போகிறார்கள்.

அறுவை செய்துகொண்டவர்கள் காயம் ஆறும் வரை உறவு கொள்ளவில்லை, அதனால்தான் குறைந்தது என்ற வாதமும் வந்தது. அது உண்மையென்றால் முதல் சில மாதங்களில் மட்டும் பலன் தெரிந்து அப்புறம் தேய்ந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு, ராக்காயில் மாதங்கள் போகப்போகப் பலன் கூடியது.

இந்தச் சதவீதத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அது எதிலிருந்து குறைக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அதன் மதிப்பு. பெரியவர்களில் நாலில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருக்கும் எஸ்வாட்டினி போன்ற ஆப்பிரிக்க நாட்டில் ஆபத்தைப் பாதியாக்கினால் ஆயிரமாயிரம் குடும்பங்கள் தப்பிக்கும். ஐந்நூறு பேரில் ஒருவருக்கு இருக்கும் நாட்டில், சராசரி ஆணுக்கு ஏற்கெனவே மிகச் சிறியதாக இருக்கும் ஆபத்து இன்னும் கொஞ்சம் சிறியதாகும். அவ்வளவே.

தோலுக்குள் நடப்பது

முன்தோலுக்கு இரண்டு பக்கம். வெளிப்பக்கம் உடம்பின் மற்ற தோலைப் போல உரம் ஏறியது. மேலே கெரட்டின் என்ற காய்ந்த அடுக்கு இருக்கும். உள்பக்கம் கன்னத்தின் உள்புறம் மாதிரி: மெல்லியது, ஈரமானது, சுலபமாகக் கீறிக்கொள்ளும். உறவின்போது முன்தோல் பின்னுக்குப் போகிறது. அப்போது அந்த உள்பக்கம் முழுவதும் வெளியே திரும்பி, பெண்ணின் உடல் திரவங்களோடு நேரடியாகத் தொடுகிறது.

எச்.ஐ.வி. எந்தச் செல்லுக்குள்ளும் புகுந்துவிடாது. சி.டி.4 என்ற புரதம் மேலே இருக்கும் நோய் எதிர்ப்புச் செல்கள்தான் அதற்கு வாசல். முன்தோலின் உள்பக்கத்தில் அந்தச் செல்களும், கிருமியைப் பிடித்து அவற்றிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் லாங்கர்ஹான்ஸ் செல்களும் நிறைய உண்டு, அதுவும் மேற்பரப்புக்கு வெகு அருகில். கிருமியைத் தடுக்க உடம்பு நிறுத்திவைத்த காவல் செல்களையே எச்.ஐ.வி. தன் வழியாக்கிக்கொள்கிறது.

இது போதாதென்று, தோலுக்கடியில் காற்றுப் புகாத ஈரமான இடம் ஒன்று இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் அங்கே குடியிருக்கும். அவை அதிகமானால் லேசான அழற்சி வரும். வெளியே எதுவும் தெரியாது, வலியும் இருக்காது. ஆனால் அழற்சி என்றாலே உடம்பு மேலும் மேலும் சி.டி.4 செல்களை அந்த இடத்துக்கு அனுப்பும், அதாவது எச்.ஐ.வி. தேடும் செல்களை. ராக்காயில் அறுவை செய்துகொண்டவர்களின் உடலில் இந்த பாக்டீரியாக்கள் பெருமளவு குறைந்துபோனதைப் பார்த்தார்கள். முன்தோலின் பரப்பு பெரிதாக இருந்தவர்களுக்குத் தொற்று அதிகமாக வந்திருந்ததும் அங்கேயே தெரிந்தது.

தோலை எடுத்துவிட்டால் இந்த வாசல்களில் பெரியது மூடுகிறது. ஆனால் சிறுநீர்த் துவாரம் இருக்கிறது, எஞ்சிய தோல் இருக்கிறது, புண் வந்தால் அதுவும் வாசல். அதனால்தான் நூறு சதவீதம் ஆவதில்லை. பாலுறவில் பரவும் ஹெர்ப்பீஸ், எச்.பி.வி. வைரஸ்களும் ஆண்களிடம் ஓரளவு குறைகின்றன. சிபிலிஸ், கொனோரியா, கிளமிடியா போன்ற பால்வினை நோய்கள் விஷயத்தில் இதை நம்பவே கூடாது.

பெண்களுக்கு?

இந்தப் பகுதியை யாரும் தாண்டிப் போய்விடக் கூடாது என்று விரும்புகிறேன். எச்.ஐ.வி. உள்ள ஆண் முன்தோல் நீக்கிக்கொண்டால் அவருடைய மனைவிக்குப் பாதுகாப்பு கிடைக்குமா? ராக்காயில் எச்.ஐ.வி. உள்ள 922 ஆண்களை வைத்து இதையும் சோதித்தார்கள். பாதுகாப்பு இல்லை. அறுவை செய்துகொண்ட பக்கத்தில் மனைவிமாரில் 18 சதவீதம் பேருக்குத் தொற்று வந்தது, செய்யாத பக்கத்தில் 12 சதவீதம். தற்செயலாகவும் வந்திருக்கக்கூடிய வித்தியாசம்தான் இது. ஆனால் காயம் ஆறுவதற்கு முன்பே உறவு கொண்ட தம்பதிகளிடம் தொற்று கூடுதலாகத் தெரிந்தது. பலன் கிடைக்கும் சாத்தியம் இல்லை என்று ஆய்வை நிறுத்தினார்கள். 2009-இல் வெளியான முடிவு அது.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆணிடமிருந்து பெண்ணுக்குக் கிருமி விந்து வழியாகப் போகிறது. அங்கே முன்தோலுக்கு என்ன வேலை? ஆகவே ‘நான் செய்துகொண்டேன், ஆணுறை வேண்டாம்’ என்று ஓர் ஆண் சொன்னால், அந்தப் பேச்சால் பெண்ணுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. பெண்ணுக்குக் கிடைப்பது சுற்றி வரும் பலன்: ஊரில் தொற்று உள்ள ஆண்கள் குறைந்தால், அவர்கள் வழியாக அவளுக்கு வரும் வாய்ப்பும் காலப்போக்கில் குறையும். எச்.பி.வி., டிரைக்கோமோனாஸ் போன்ற பால்வினைத் தொற்றுகள் மனைவிமாரிடம் குறைந்ததாகவும் ராக்காய் ஆய்வுகள் காட்டின.

ஆணோடு உறவு கொள்ளும் ஆண்களுக்கு விஷயம் வேறு. குதவழி உறவில் ஏற்கும் நிலையில் இருப்பவருக்குத் தொற்று ஆண்குறி வழியாக வருவதில்லை, அதனால் இந்த அறுவையால் பாதுகாப்பு கிடையாது. செலுத்தும் நிலையில் மட்டுமே இருப்பவர்களுக்குப் பலன் இருக்கலாம் என்று சீனாவில் நடந்த சிறிய ஆய்வு ஒன்று 2024-இல் காட்டியது. பரிந்துரை ஆகும் அளவுக்கு ஆதாரம் இன்னும் சேரவில்லை.

கிளினிக்கில் என்ன செய்கிறார்கள்

2007 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பும் இதை அதிகாரபூர்வமாகப் பரிந்துரைத்தன. எல்லா நாட்டுக்கும் அல்ல. எச்.ஐ.வி. மிக அதிகமாகவும் முன்தோல் நீக்கம் குறைவாகவும் இருக்கும் இடங்களுக்கு மட்டும். கென்யா, உகாண்டா, தான்சானியா, ஜாம்பியா, ஜிம்பாப்வே, மலாவி, மொசாம்பிக், போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகள் அவை.

கென்யாவில் லூவோ மக்கள் வாழும் நியான்சா பகுதியில் அந்த நாட்களில் ஒருவர் போனால் நடப்பது இப்படி இருக்கும். இடம் சில சமயம் ஆஸ்பத்திரி, சில சமயம் பள்ளிக்கூட வகுப்பறை அல்லது கூடாரம். முதலில் கும்பலாக உட்காரவைத்துப் பேசுவார்கள்: இது முழுப் பாதுகாப்பு அல்ல, ஆணுறையை விடாதே. அப்புறம் தனியாக ஆலோசனை, விருப்பம் இருந்தால் விரல்நுனியில் குத்தி எச்.ஐ.வி. பரிசோதனை, ஒப்புதல் கையெழுத்து. மேசையில் படுத்ததும் ஆண்குறியின் அடிப்பகுதியில், மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் ஊசி. அந்த ஊசிதான் வலி. மரத்த பிறகு எவ்வளவு தோலை எடுப்பது என்று கோடு போட்டுக்கொண்டு வெட்டி, ரத்தம் கசியும் இடங்களை அடைத்து, தானாகக் கரையும் நூலால் தைத்துக் கட்டுப் போடுவார்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். செய்பவர் பெரும்பாலும் பயிற்சி பெற்ற நர்ஸ் அல்லது டாக்டருக்கு அடுத்த நிலையில் உள்ள கிளினிக்கல் ஆபீசர். டாக்டர்களுக்காகக் காத்திருந்தால் இத்தனை லட்சம் பேருக்குச் செய்திருக்கவே முடியாது.

இரண்டு நாள் கழித்து வந்து கட்டைப் பிரிக்க வேண்டும், ஒரு வாரத்தில் இன்னொரு தடவை காட்ட வேண்டும். ஆறு வாரம் உறவு கூடாது, சுய இன்பமும் கூடாது. காயம் வெளியே ஆறினதுபோல் தெரிந்தாலும் உள்ளே ஆறியிருக்காது. இந்த ஆறு வாரக் கட்டுப்பாட்டைத்தான் ஆண்கள் அதிகமாக மீறுகிறார்கள். ஏன் முக்கியம் என்பதற்கு ராக்காய் மனைவிமாரின் கணக்கே பதில்.

சிக்கல்களும் வராமல் இல்லை. ரத்தக்கசிவு, சீழ், வீக்கம் எல்லாம் சிலருக்கு வரும். பெரும்பாலும் மருந்தில் அடங்கும். வெட்டாமல், இறுக்கும் வளையத்தைப் பொருத்தித் தோல் தானாக இற்று விழச்செய்யும் பிரீபெக்ஸ் என்ற கருவியை 2013-இல் கொண்டுவந்தார்கள். செத்த தோல் சில நாள் உடம்போடு ஒட்டியிருந்ததால் டெட்டனஸ் வந்தது, உயிரிழப்பும் நேர்ந்தது. அதன் பிறகு டெட்டனஸ் தடுப்பூசிக்கு முக்கியத்துவம் கொடுத்தார்கள், அந்தக் கருவியும் வழக்கிலிருந்து போனது. 2020-இல் உலக சுகாதார நிறுவனம் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை முன்னிறுத்தும்படி வழிகாட்டுதலை மாற்றியது. சின்னப் பையன்களுக்குக் காயச் சிக்கல் அதிகம் என்பதோடு, ஒப்புதல் சொல்ல வேண்டியது உடலுக்கு உரியவன்தான் என்பதும் காரணம். இதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும்

மருத்துவம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், இது ஒருவருடைய அடையாளத்தில் கை வைக்கிற வேலை. லூவோ மூத்தோர் சபை ஆரம்பத்தில் இதை எதிர்த்தது. ‘எங்களை வேறு இனமாக்கப் பார்க்கிறீர்களா’ என்ற மனக்குறை அவர்களுக்கு. அப்போது பிரதமராக இருந்த ராய்லா ஒடிங்காவும் லூவோதான். அவர் வெளிப்படையாக ஆதரித்துப் பேசினார். இது சடங்கல்ல, மருத்துவம் என்று பிரித்துச் சொன்ன பிறகு கதவு திறந்தது. 2009 கடைசியில் நியான்சாவில் முப்பது வேலை நாட்களில் சுமார் 36,000 பேருக்குச் செய்தார்கள். தென்னாப்பிரிக்காவில் ஷாகா மன்னர் காலத்தில் கைவிடப்பட்ட வழக்கத்தை, ஜூலு மன்னர் குட்வில் ஸ்வெலிதினி 2009-இல் மருத்துவமனை வழியாக மீண்டும் தொடங்கச் சொன்னார்.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. ஸ்வாசிலாந்தில், அதாவது இன்றைய எஸ்வாட்டினியில், 2011-இல் ஒன்றரை லட்சம் ஆண்களுக்கு ஒரே மூச்சில் செய்வது என்று பெரும் செலவில் பிரசாரம் நடந்தது. இலக்கின் சிறு பங்குதான் வந்தது. வலி பயம், ‘வெட்டிய தோலை என்ன செய்வார்கள்’ என்ற பயம், பாதிப் பாதுகாப்புக்கு எதற்கு முழு வலி என்ற கேள்வி எல்லாவற்றையும் விளம்பரப் பலகையால் தீர்க்க முடியாது.

லெசோத்தோவின் அனுபவம் வேறு விதமான பாடம். அங்கே பாரம்பரிய முறையில் முன்தோல் நீக்கியதாகச் சொன்ன ஆண்களிடம் எச்.ஐ.வி. குறைவாக இல்லை. ஏன் என்று பார்த்தால், சடங்கில் பலருக்குத் தோலின் ஒரு பகுதியை மட்டும் கீறியோ வெட்டியோ விட்டிருந்தார்கள். உள்பக்கத் தோல் அப்படியே இருந்தது. பெயர் ஒன்றுதான், செய்தது ஒன்றல்ல.

2019 முடிவுக்குள், பரிந்துரைக்குள் வந்த ஆப்பிரிக்க நாடுகளில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட ஆண்கள் இதைச் செய்துகொண்டார்கள். ராக்காயில் 15 சதவீதமாக இருந்த முன்தோல் நீக்கம் 59 சதவீதமானது, எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுவோர் எண்ணிக்கையும் கூடவே உயர்ந்தது. 2016 வாக்கில் அங்கே புதிய தொற்று 42 சதவீதம் குறைந்திருந்தது. ஆண்களிடம் 54, பெண்களிடம் 32. ஆண்களிடம் ஏன் கூடுதலாகக் குறைந்தது என்பது இவ்வளவு தூரம் படித்தவருக்குச் சொல்லாமலே விளங்கும். இந்தத் திட்டங்களுக்குப் பெரும் பணம் அமெரிக்க உதவியாக வந்துகொண்டிருந்தது. 2025 ஜனவரியில் அந்த நாடு வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, விலக்கு அளிக்கப்பட்ட சேவைகளில் இது இடம்பெறவில்லை. இத்தனை வருடப் பயிற்சியும் உழைப்பும் அப்படி நின்றுபோனதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அப்போ, இங்கே?

இந்தியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய 0.2 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. பாலியல் தொழில், போதை ஊசி, ஆண்களுக்கிடையிலான உறவு போன்ற சில வட்டங்களில் அது அதிகம், பொதுமக்களிடம் குறைவு. இதனால்தான் எச்.ஐ.வி. தடுப்புக்காக முன்தோல் நீக்கம் என்ற பரிந்துரை இங்கே இல்லை. மார்க்கத்துக்காகவோ மருத்துவக் காரணத்துக்காகவோ ஏற்கெனவே செய்துகொண்டவர்களுக்கு அந்த ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஆனால் அதை நம்பி ஆணுறையை விடக் கூடாது.

ஆணுறை தவிர இன்று வேறு வழிகளும் இருக்கின்றன. எச்.ஐ.வி. உள்ளவர் ஒழுங்காகக் கூட்டு மருந்து சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உறவின் வழியாக அவரிடமிருந்து யாருக்கும் தொற்றாது. தொற்று வராமலிருக்க முன்கூட்டியே சாப்பிடும் பிரெப் மாத்திரை இருக்கிறது. ஆபத்தான உறவு நடந்துவிட்டது என்று பயப்படுகிறவர் 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போனால் 28 நாள் தடுப்பு மருந்து தொடங்க முடியும். எவ்வளவு சீக்கிரம் போகிறாரோ அவ்வளவு நல்லது. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம், விவரம் ரகசியமாகவே இருக்கும். போக வேண்டிய மையம் எங்கே என்று தெரியாவிட்டால் 1097 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேட்கலாம். கட்டணம் கிடையாது.